ஹோண்டுராஸ்காரர்களையும் கொலம்பியர்களையும் ஒப்பிட உட்காருகிறீர்களா? கொஞ்சம் இதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

அமெரிக்காவில் குடியேறிய ஹோண்டுராஸ்காரர்களையும் கொலம்பியர்களையும் பக்கத்தில் வைத்து யார் நிலைமை எப்படி என்று பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி அசைன்மென்ட்டோ, கட்டுரையோ, வேலை பார்க்கும் இடத்துக்கு ஓர் அறிக்கையோ, எதுவானாலும் சரி, மேலோட்டமான விடை பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். கொலம்பியர்கள் மேலே. 25 வயதைத் தாண்டிய கொலம்பியர்களில் மூன்றில் ஒருவராவது பட்டதாரி, ஹோண்டுராஸ்காரர்களில் பத்தில் ஒருவர் அளவுதான். வருமானம், வறுமை, குடியுரிமை, மருத்துவக் காப்பீடு என்று எதை எடுத்தாலும் தராசு அதே பக்கம்தான் சாய்கிறது.

அந்த விடை பொய் இல்லை. ஆனால் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, இவர்கள் முன்னேறும் சாதி, அவர்கள் பின்தங்கும் சாதி என்கிற தொனியில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. யார் எந்த வருஷம் வந்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள், வந்து எந்த ஊரில் இறங்கினார்கள் என்ற மூன்றையும் கேட்காமல் போட்ட ஒப்பீடு, ஒரே பந்தயத்தில் ஒருவரைப் பாதி தூரத்திலிருந்தும் இன்னொருவரை வாசற்படியிலிருந்தும் ஓடவிட்டு நேரம் பார்க்கிற மாதிரி. அதனால் கணக்குப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில், யாரை எண்ணுகிறீர்கள்?

"ஹோண்டுராஸ்காரர்" என்றால் ஹோண்டுராஸில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவரா, அல்லது நியூயார்க்கிலேயே பிறந்து "என் பூர்வீகம் ஹோண்டுராஸ்" என்று படிவத்தில் எழுதுகிற அவருடைய மகளுமா? அமெரிக்க அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமான சென்சஸ் பீரோ இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. பிறந்த நாடு ஒரு கேள்வி, ஹிஸ்பானிக் பூர்வீகம், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளி, வேறு கேள்வி. இரண்டுக்கும் அட்டவணைகள் வேறு வேறு, எண்ணிக்கையும் வேறு. நான் முதல் தடவை இந்த வேலையைச் செய்தபோது கொலம்பியர்களுக்குப் பூர்வீக அட்டவணையிலிருந்தும் ஹோண்டுராஸ்காரர்களுக்குப் பிறந்த நாட்டு அட்டவணையிலிருந்தும் எடுத்து ஒரே எக்செல் ஷீட்டில் ஒட்டிவிட்டேன், இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஒரு பக்கம் ஆங்கிலம் சரளமாகப் பேசும் இரண்டாம் தலைமுறையும் சேர்ந்து நிற்கிறது, இன்னொரு பக்கம் போன வருஷம் வந்தவர்கள் நிற்கிறார்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் என்ன செய்யும்?

குடியேறிகளைப் பற்றி எழுதுவதென்றால் பிறந்த நாட்டை எடுங்கள். சமூகம் என்று எழுதுவதென்றால் பூர்வீகத்தை எடுங்கள். எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் அதையே எடுங்கள்.

பூர்வீகக் கேள்வியில் இன்னொரு பொறி இருக்கிறது, இது எனக்குப் பிடித்த கதை. 1990 கணக்கெடுப்புப் படிவத்தில் "வேறு ஹிஸ்பானிக்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அர்ஜென்டினா, கொலம்பியா, டொமினிகன் குடியரசு என்று சில உதாரணங்களை அச்சிட்டிருந்தார்கள். 2000-ல் அந்த உதாரணங்களை எடுத்துவிட்டார்கள். விளைவு, ஏராளமானவர்கள் நாட்டின் பெயரை எழுதாமல் வெறும் "ஹிஸ்பானிக்", "லத்தீனோ" என்று எழுதிவிட்டுப் போனார்கள். 2010-ல் உதாரணங்கள் திரும்பி வந்தன. இப்போது எண்களைப் பாருங்கள். 2000-ல் ஹோண்டுராஸ் பூர்வீகத்தினர் 2,17,569 பேர், 2010-ல் 6,33,401 பேர். கொலம்பியர்கள் 4,70,684-லிருந்து 9,08,734. பத்து வருஷத்தில் ஹோண்டுராஸ்காரர்கள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிட்டார்கள் என்று இதை வைத்து எழுதிய கட்டுரைகள் நிறைய. நிஜமாகவே நிறையப் பேர் வந்தார்கள்தான், ஆனால் அந்த வளர்ச்சியில் ஒரு பங்கு படிவத்தில் சேர்த்த நாலு வார்த்தையால் வந்தது. அந்த உதாரண வரிசையில் கொலம்பியா 2010-லும் இருந்தது, 2020-லும் இருந்தது. ஹோண்டுராஸ் இரண்டிலும் இல்லை.

அதோடு, 2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் மக்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் விடுபட்டுப்போனார்கள் என்று சென்சஸ் பீரோவே பின்னால் சோதித்துச் சொன்னது. வாடகைக்கு ஒரு அறையில் நாலு பேர் தங்கியிருக்கும் வீட்டில், கதவைத் தட்டும் அரசு ஆளைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் எந்தச் சமூகத்தில் அதிகம் என்று யோசித்தால் யார் எண்ணிக்கை அதிகமாகக் குறைந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

எந்த வாசல் வழியாக வந்தார்கள்?

வரலாற்றைத் தனி அத்தியாயமாக எழுத வேண்டியதில்லை, ஆனால் கணக்குப் போடும்போது பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கொலம்பியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-ல் தொடங்கிய உள்நாட்டுக் கலவரக் காலத்துக்குப் பிறகும், 1965-ன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகும் நியூயார்க்கின் குவீன்ஸில், ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம், ஒரு கொலம்பியப் பேட்டை உருவானது. அப்புறம் 1990-களின் கடைசியில் பெரிய அலை: கெரில்லாக்கள், துணை ராணுவக் குழுக்கள், ஆள் கடத்தல், அதற்கு மேல் 1999-ன் பொருளாதார வீழ்ச்சி. போகோட்டா, காலி போன்ற கொலம்பிய நகரங்களில் வீடும் கிளினிக்கும் கடையும் வைத்திருந்த நடுத்தர வர்க்கம் சுற்றுலா விசா எடுத்து விமானத்தில் மயாமிக்கு வந்து இறங்கியது. வங்கியில் கணக்கு இல்லாதவருக்கு அந்த விசா கிடைக்காது, அதாவது தூதரக ஜன்னலிலேயே ஒரு வடிகட்டல் நடந்துவிடுகிறது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அடைக்கலம் கிடைத்த நாட்டவர்களில் கொலம்பியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அடைக்கலம் கிடைத்தால் கிரீன் கார்டு, அப்புறம் குடியுரிமை.

ஹோண்டுராஸ்காரர்களின் பெரிய அலை வந்த விதமே வேறு. 1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் புயல் அடித்து ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், வாழைத் தோட்டங்கள் மண்ணுக்குள் போயின. 1999 ஜனவரியில் அமெரிக்கா ஹோண்டுராஸுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு நிலை கொடுத்தது, சுருக்கமாக டிபிஎஸ். 1998 டிசம்பர் 30-க்கு முன்னால் அமெரிக்காவுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும். அதில் வேலை செய்ய அனுமதி உண்டு, ஆனால் அதுவே கிரீன் கார்டுக்கு வழி ஆகாது. இருபது வருஷத்துக்கு மேல் வரி கட்டி, பிள்ளை பெற்று, வீடு வாங்கியவர்கள்கூட அடுத்த புதுப்பிப்பு வருமா வராதா என்று காத்துக்கொண்டே இருந்தார்கள். 2018-ல் ஒரு தடவை முடித்துவிடுவோம் என்று அறிவித்து வழக்கில் நின்றது, 2025 ஜூலையில் மறுபடி அறிவித்தார்கள், மறுபடி நீதிமன்றம். 1998-க்குப் பின் வந்தவர்களுக்கு அந்த டிபிஎஸ்ஸும் இல்லை. 2009-ன் ஆட்சிக் கவிழ்ப்பு, உலகத்திலேயே கொலை விகிதம் அதிகமான நகரம் என்று சான் பெட்ரோ சூலா பெயரெடுத்த வருஷங்கள், 2020 நவம்பரில் இரண்டே வார இடைவெளியில் ஏட்டா, அயோட்டா என்று இரண்டு புயல்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கூட்டம் குவாத்தமாலா, மெக்சிகோ வழியாகத் தரைமார்க்கமாக வந்தது. எல்லை தாண்டிக் கூட்டி வருகிறவனுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனோடு வருகிறவர் முதல் சில வருஷச் சம்பளத்தில் அந்தக் கடனைத்தான் அடைப்பார்.

இதில் ஒரு தொந்தரவு என்னவென்றால், சென்சஸ் பீரோவின் சர்வே சட்ட அந்தஸ்தைக் கேட்பதே இல்லை. குடிமகனா இல்லையா, அவ்வளவுதான். கிரீன் கார்டு வைத்திருக்கும் பல் மருத்துவரும், டிபிஎஸ் வைத்திருக்கும் கொத்தனாரும், ஒன்றுமே இல்லாமல் நேற்று வந்தவரும் "குடிமகன் அல்லாதவர்" என்ற ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். குடியேறிய கொலம்பியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குடியுரிமை வாங்கியவர்கள், ஹோண்டுராஸ்காரர்களில் நாலில் ஒருவர் அளவு. இந்த ஒரு வரியே வருமான வித்தியாசத்தில் ஒரு நல்ல பங்கை விளக்கிவிடும். ஆனால் எவ்வளவு பங்கு என்று கட்டத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

எண்களை எடுக்கும் இடம்

அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, ஏசிஎஸ், அதுதான் அடிப்படை. வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகிறது. ஒரு வருஷக் கணக்கு, ஐந்து வருஷக் கணக்கு என்று இரண்டு விதமாக வெளியாகும். ஒரு வருஷக் கணக்கு 65,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டும், ஐந்து வருஷக் கணக்கு எல்லா ஊருக்கும். 2020-க்கு வழக்கமான ஒரு வருஷக் கணக்கு வரவில்லை, கொரோனாவில் பதில் சொன்னவர்கள் குறைந்துபோனார்கள், அதனால் வரிசையில் அந்த இடத்தை ஒட்டுப்போட்டு நிரப்பாமல் காலியாகவே விடுங்கள்.

சென்சஸ் தளத்தில் எஸ்0201 என்ற அட்டவணையை எடுத்து, மக்கள் குழு என்ற இடத்தில் கொலம்பியர், ஹோண்டுராஸ் என்று தேர்ந்தெடுத்தால் வயது, படிப்பு, வேலை, வருமானம், வறுமை, வீடு எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். பிறந்த நாடு வாரியாக வெறும் தலைக்கணக்கு வேண்டுமென்றால் பி05006.

அவசரத்துக்கு இது போதும். ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றால் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தளத்துக்குப் போய்த் தனிநபர் பதிவுகளை எடுங்கள், இலவசம்தான், பெயர் பதிவு செய்தால் போதும். பிறந்த நாட்டு விரிவுக் குறியீட்டில் ஹோண்டுராஸ் 21050, கொலம்பியா 30025. அதோடு வந்த வருஷம், படிப்பு, ஆங்கிலம் பேசும் அளவு, குடியுரிமை, தொழில், வருமானம், வறுமை எல்லாவற்றையும் கூடையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருள் எதுவும் தெரியாது என்றாலும் பரவாயில்லை, அந்தத் தளத்திலேயே உட்கார்ந்து அட்டவணை போட ஒரு கருவி இருக்கிறது.

இங்கே எல்லோரும் கால் வழுக்கும் இடங்கள் இரண்டு. வருமானக் கட்டத்தில் 9999999 என்று இருந்தால் அவர் கோடீஸ்வரர் இல்லை, "பொருந்தாது" என்று அர்த்தம், குழந்தைகளுக்கெல்லாம் அதுதான் இருக்கும். அதை நீக்காமல் சராசரி போட்டால் ஹோண்டுராஸ்காரர்கள் திடீரென்று லட்சாதிபதிகளாகிவிடுவார்கள். வறுமைக் கட்டத்தில் 0 என்பதும் அப்படித்தான், பரம ஏழை என்று அர்த்தம் இல்லை. இன்னொன்று எடை. ஒவ்வொரு பதிவும் எத்தனை பேருக்காக நிற்கிறது என்று சொல்லும் எண் அது. ஆள் கணக்குக்கு ஆள் எடை, வீட்டுக் கணக்குக்கு வீட்டு எடை, வீட்டுக் கணக்கு என்றால் ஒரு வீட்டிலிருந்து ஒரு பதிவு மட்டும்.

அப்புறம் பிழை வரம்பு. ஏசிஎஸ் அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்டு ஓர் எண் இருக்கும், 90 சதவீத நம்பிக்கை அளவில். யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒரு ஊரில் ஒரு குழுவின் நடு வருமானம் 55,000 டாலர், பிழை 2,500. இன்னொரு குழுவுக்கு 58,000, பிழை 2,200. (எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை.) வித்தியாசம் 3,000. இரண்டு பிழைகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 3,330. வித்தியாசம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதாவது யார் மேலே என்று உங்களால் சொல்ல முடியாது. நாடு முழுவதற்கும் எடுத்தால் இந்தப் பிரச்சினை அவ்வளவு வராது, கவுண்டி, சிறு நகரம் என்று இறங்கும்போதுதான் கடிக்கும்.

வருமானம் என்றால் எந்த வருமானம்?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், நான் பார்த்த ஒப்பீடுகளில் பாதி இங்கேதான் தடுக்கி விழுகிறது.

வீட்டு வருமானம் என்பது அந்தக் கூரையின் கீழ் இருக்கும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடைய வருமானத்தையும் சேர்த்தது, சொந்தக்காரராக இருந்தாலும் சரி, கூடத் தங்கியிருப்பவராக இருந்தாலும் சரி. ஹூஸ்டனில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாலு ஹோண்டுராஸ்காரர்கள், கூரை போடும் வேலை, விடிகாலை ஐந்து மணிக்கு ஒரே பிக்கப் வண்டியில் கிளம்பிப் போகிறார்கள், மழை வந்தால் வேலை இல்லை. ஆளுக்கு வருஷத்துக்கு 15,000 டாலர் என்று வைத்தால் வீட்டு வருமானம் 60,000. அட்டவணையில் பார்த்தால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் வறுமைக்கோட்டைச் சென்சஸ் பீரோ குடும்பமாகத்தான் பார்க்கிறது, ரத்த உறவோ திருமணமோ தத்தோ இல்லாதவர்கள் ஒவ்வொருவரும் தனி ஆள். 65 வயதுக்குக் குறைந்த தனி ஆளுக்கு 2023-ல் கோடு 16,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆக அந்த 60,000 டாலர் வீட்டில் இருக்கும் நாலு பேருமே ஏழைகள்! வீட்டு வருமானத்தை மட்டும் பார்த்தவர் ஒன்று எழுதுவார், வறுமையை மட்டும் பார்த்தவர் இன்னொன்று எழுதுவார், இரண்டு பேரும் சென்சஸ் பீரோவைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

குடும்பமாக இருந்தாலும் தலைகளின் எண்ணிக்கை மாறும். ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 60,000, மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு 54,000 என்றால் முதல் வீடுதான் மேல் என்று தோன்றும். ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள். ஏன் வர்க்கமூலம் என்றால், ஐந்து பேருக்கு ஐந்து சமையலறை தேவையில்லை, ஆனாலும் சாப்பாடு ஐந்து பேருக்குத்தான். முதல் வீட்டுக்கு ஏறத்தாழ 26,800, இரண்டாவது வீட்டுக்கு 31,200. வரிசை தலைகீழாகிவிட்டது.

வயதையும் மறந்துவிடாதீர்கள். பூர்வீகக் கணக்கில் ஹோண்டுராஸ் சமூகம் கொலம்பியச் சமூகத்தைவிட ஏழெட்டு வருஷம் இளையது. 28 வயதுக்காரரின் சம்பளத்தை 36 வயதுக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிட்டுவிட்டு அதற்கு நாட்டின் பெயரைக் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. 25 முதல் 54 வயது வரை என்று வெட்டிக்கொண்டு பார்ப்பது சுலபமான வழி.

வந்த காலத்தைச் சமப்படுத்துவது

இந்த வேலைக்கு வாசலைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் தேவைப்படும். பெரிய புள்ளியியல் எதுவும் வேண்டாம், நாலு எண்ணும் ஒரு கால்குலேட்டரும் போதும். மறுபடியும் சொல்கிறேன், கீழே உள்ள எண்கள் முறையைக் காட்டுவதற்காக நான் போட்டவை, நிஜ எண்களை நீங்கள் ஐபம்ஸிலிருந்து எடுத்து வையுங்கள்.

இரண்டு குழுவையும் பழையவர், புதியவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஹோண்டுராஸ்காரர்களில் பழையவர்கள் 30 சதவீதம், அவர்களிடம் வறுமை 12 சதவீதம். புதியவர்கள் 70 சதவீதம், அவர்களிடம் வறுமை 28. மொத்தம் 23.2 வரும். கொலம்பியர்களில் பழையவர்கள் 65 சதவீதம், வறுமை 9. புதியவர்கள் 35 சதவீதம், வறுமை 24. மொத்தம் 14.25. இடைவெளி ஏறத்தாழ 9 புள்ளி. இப்போது ஹோண்டுராஸ்காரர்களின் வறுமை விகிதங்களை அப்படியே வைத்துக்கொண்டு, கொலம்பியர்களின் 65, 35 பங்கை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள். 17.6 வரும். இடைவெளி மூன்றரைப் புள்ளிக்குள் வந்துவிட்டது. முதலில் பார்த்த இடைவெளியில் அறுபது சதவீதத்துக்கு மேல், யார் எப்போது வந்தார்கள் என்பதால் மட்டும் வந்தது. மிச்சம் இருப்பதற்குத்தான் நீங்கள் விளக்கம் தேட வேண்டும். இதையே படிப்புக்கும் ஆங்கிலத்துக்கும் குடியுரிமைக்கும் ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

படிப்பைச் சமப்படுத்தும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. பட்டம் என்ற சொல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் பல் மருத்துவராக இருந்த பெண் அமெரிக்காவில் உரிமம் கிடைக்காமல் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருக்கலாம். ஏசிஎஸ் அவரைப் பட்டதாரி என்றும் எழுதும், துப்புரவுத் தொழிலாளி என்றும் எழுதும். அதனால் பட்டதாரிகளை மட்டும் தனியாக எடுத்து, அவர்களில் எத்தனை பேர் பட்டம் தேவைப்படும் வேலையில் இருக்கிறார்கள் என்று ஓர் அட்டவணை போடுங்கள். "கொலம்பியர்கள் படித்தவர்கள், அதனால் சம்பாதிக்கிறார்கள்" என்ற வாக்கியம் அங்கே கொஞ்சம் தள்ளாட ஆரம்பிக்கும்.

ஊர், ஊருக்குள் ஊர்

ஹோண்டுராஸ்காரர்கள் டெக்சாஸில் நிறைய, கொலம்பியர்கள் ஃபுளோரிடாவிலும் நியூயார்க், நியூ ஜெர்சி பக்கமும் நிறைய. ஹூஸ்டன் வாடகையும் குவீன்ஸ் வாடகையும் ஒன்றில்லை, ஆனால் அதிகாரபூர்வ வறுமைக்கோடு நாடு முழுக்க ஒன்றுதான். துணை வறுமை அளவு என்று இன்னொன்று உண்டு, அது வாடகையைக் கணக்கில் சேர்க்கும். மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களை ஒப்பிட்டால் மாநிலத்தையும் பாருங்கள், டெக்சாஸும் ஃபுளோரிடாவும் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை விரிவாக்காத மாநிலங்கள், நியூயார்க் விரிவாக்கிய மாநிலம். முடிந்தால் இரண்டு குழுவும் கணிசமாக இருக்கும் ஒரே ஊரை எடுங்கள், மயாமி அல்லது ஹூஸ்டன்.

ஒரே ஊர் என்றாலும் ஒரே கதை இல்லை. நியூ ஆர்லியன்ஸைப் பாருங்கள். வாழைப்பழக் கம்பெனிகள் ஹோண்டுராஸ் கடற்கரையிலிருந்து அந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் விட்ட காலத்திலேயே அங்கே ஹோண்டுராஸ் குடும்பங்கள் வந்துவிட்டன, கம்பெனி ஊழியர்கள், படிக்க வந்த பிள்ளைகள் என்று வசதியானவர்களும் அதில் உண்டு. அப்புறம் 2005-ல் கட்ரினா புயல் ஊரைப் புரட்டிப் போட்டபோது கூரை போடவும் சேறு அள்ளவும் ஒரு புதுக் கூட்டம் வந்தது. பக்கத்து ஊரான கென்னரில் இன்று மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பமும் தரைமார்க்கமாக வந்த இளைஞனும் ஒரே கடையில் பலேயாடா என்ற ஹோண்டுராஸ் உணவை வாங்குகிறார்கள். அந்த ஊரின் சராசரி இரண்டு பேரில் ஒருவரையும் வர்ணிக்காது.

நியூயார்க்கின் பிராங்க்ஸில் இருக்கும் ஹோண்டுராஸ்காரர்களில் பலர் கரீஃபுனா மக்கள், ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளி, வீட்டில் தங்கள் மொழி பேசுகிறவர்கள். 1990 மார்ச் 25-ல் ஹேப்பி லேண்ட் கிளப்பில் நடந்த தீ வைப்பில் செத்த 87 பேரில் நிறையப் பேர் அவர்கள்தான். இவர்களை ஹூஸ்டன் கட்டிடத் தொழிலாளர்களோடு ஒரே கட்டத்தில் போட்டால் இன ரீதியாக வீடு, வேலை கிடைப்பதில் இருக்கும் பாகுபாடு கண்ணில் படாமலே போய்விடும்.

கொலம்பியர்களிலும் எல்லோரும் போகோட்டா டாக்டர்கள் இல்லை. ரோட் ஐலண்டில் சென்ட்ரல் ஃபால்ஸ் என்று ஒரு சின்ன ஊர், ஒரு சதுர மைல்தான் இருக்கும். 1960-களில் அங்கே நெசவாலைகளுக்கு ஆள் கிடைக்காமல், தறி தெரிந்தவர்களைக் கொலம்பியாவிலிருந்தே கூட்டி வந்தார்கள். ஆலைகள் மூடிவிட்டன, மக்கள் இருந்துவிட்டார்கள். அந்த ஊரின் கொலம்பியர்களையும் மயாமியின் டோரலில் இருக்கும் கொலம்பியர்களையும் பக்கத்தில் வைத்தால், கொலம்பியர்களுக்கும் ஹோண்டுராஸ்காரர்களுக்கும் இடையில் நீங்கள் தேடிய வித்தியாசம் கொலம்பியர்களுக்குள்ளேயே கிடைக்கும்.

சந்தேகம் இருந்தால் ஸ்பெயினைப் பாருங்கள்

இது நேரம் இருப்பவர்களுக்கு, ஆனால் செய்து பார்த்தால் சுவாரசியம். இரண்டு நாட்டு மக்களும் ஸ்பெயினிலும் கணிசமாக இருக்கிறார்கள். அங்கே வாசல்கள் வேறு. கொலம்பியர்களுக்கு 2002-லிருந்து விசா கட்டாயமாக இருந்தது, 2015 டிசம்பரில்தான் நீங்கியது. ஹோண்டுராஸ்காரர்களுக்கோ சுற்றுலாவாகப் போக விசாவே தேவையில்லை, டிக்கெட் எடுத்தால் போதும். அமெரிக்காவில் பார்த்ததற்கு நேர் எதிர்.

அதனால் அங்கே போனவர்களும் வேறு. ஹோண்டுராஸிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள், முதியவர்களைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறவர்கள், "இன்டெர்னா" என்பார்கள். கொலம்பியாவின் காபி விளையும் பகுதியிலிருந்து, அங்கே ஆர்மேனியா என்ற நகரத்தில் 1999 ஜனவரியில் வந்த நிலநடுக்கத்தை ஒட்டி ஏராளமானவர்கள் போனார்கள், அவர்களும் மயாமிக்கு வந்த கிளினிக் முதலாளிகள் இல்லை. இரண்டு ஆண்டு சட்டபூர்வமாக வசித்தால் இரண்டு நாட்டவரும் ஸ்பானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மொழிப் பிரச்சினையும் இல்லை. நாட்டுக் குணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் அமெரிக்காவில் பார்த்த அதே இடைவெளி அங்கேயும் அப்படியே வர வேண்டும். ஸ்பெயினின் புள்ளிவிவர நிறுவனம் ஐஎன்ஈ நாடு வாரியாக எண்கள் வெளியிடுகிறது, எடுத்துப் பாருங்கள்.

கையிலிருந்து போகும் பணம்

சம்பாதிப்பதை மட்டும் பார்த்தால் போதாது, அதில் எவ்வளவு ஊருக்குப் போகிறது என்பதும் நிலைமையில் ஒரு பகுதிதான். 2023-ல் வெளிநாடுகளிலிருந்து ஹோண்டுராஸுக்குப் போன பணம் 900 கோடி டாலரைத் தாண்டியது, கொலம்பியாவுக்கு ஏறத்தாழ 1,000 கோடி. பார்க்க ஒன்றுபோல இருக்கிறது, இல்லையா? ஹோண்டுராஸின் மக்கள்தொகை ஒரு கோடி, கொலம்பியாவின் மக்கள்தொகை ஐந்து கோடிக்கு மேல். ஹோண்டுராஸின் மொத்த உற்பத்தியில் நாலில் ஒரு பங்கு இந்தப் பணம், கொலம்பியாவில் 3 சதவீதத்தை ஒட்டி. கூரை மேல் நிற்கிறவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சான் பெட்ரோ சூலாவுக்கு அனுப்பினால் அவருக்கு வங்கியில் சேமிப்பு வராது, வீட்டுக்கடனுக்கு முன்பணம் வராது, சொந்த வீடு என்ற கட்டத்தில் அவர் பெயர் வராது. ஏசிஎஸ் இந்தச் செலவைக் கேட்பதில்லை. சொந்த வீட்டு விகிதத்தைப் போடும்போது பக்கத்தில் இதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அட்டவணையில் வருஷம் போடுங்கள்

கடைசியாக ஒரு விஷயம், சின்னது மாதிரித் தெரியும். 2021 நிதியாண்டில் தெற்கு எல்லையில் பிடிபட்ட கொலம்பியர்கள் சில ஆயிரம் பேர்தான். 2022-ல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவர்களில் பலர் மெக்சிகோவுக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து எல்லைக்கு நடந்தவர்கள், 1999-ன் மயாமிக் கூட்டம் மாதிரி விசா வடிகட்டல் தாண்டி வந்தவர்கள் இல்லை. இவர்கள் ஏசிஎஸ் கணக்குக்குள் மெதுவாக வந்து சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். 2019 கணக்கோடு புதுக் கணக்கை வைத்துப் பார்த்து, கொலம்பியர்களின் நிலை இறங்கிவிட்டது என்று எழுதத் தோன்றலாம். அதை எழுதுவதற்கு முன்னால் வந்த வருஷக் கட்டத்தில் 2018-க்கு முன் வந்தவர்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். குவீன்ஸில் முப்பது வருஷமாக இருக்கும் அம்மாவின் சம்பளம் இறங்கியதா, அல்லது அவர் வீட்டு சோபாவில் போன மாதம் வந்து படுத்திருக்கும் அக்கா மகன் சராசரியை இழுக்கிறானா என்பது அதில் தெரிந்துவிடும்.